இயக்குநர் போன இடமெல்லாம்

அயல்மர ஒழிப்பு வாரியத்தின் இயக்குநருக்குப் பதினோரு வருஷம் ஜீப் ஓட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மரம் மூன்று ஊர்களில் இருந்தது. இந்தக் கதை நடக்கும்போது புதிதாக முப்பத்தொரு ஊர்களுக்குப் பரவியிருந்தது. மரம் போகிற இடமெல்லாம் வாரியம் விடாமல் துரத்திக்கொண்டு போகிறது என்று பத்திரிகைகள் பாராட்டி எழுதின. யார் முன்னால் போனார்கள், யார் பின்னால் போனார்கள் என்பது ஓட்டுநருக்கு உறைத்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. எவனோ ஒரு புண்ணியவான் நிழலுக்காகக் கடல் கடந்து கொண்டுவந்த மரம். வாரியத்துக் கோப்புகளில் அதற்குப் 'பட்டியல் ஒன்று, இனம் நான்கு' என்று பெயர். ஜனங்கள் விருந்தாளி மரம் என்றார்கள், வந்தால் போகாது என்பதால். முதல் வருஷம் ஆள் உயரம், மூன்றாம் வருஷம் மாடி உயரம். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரம் பூத்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். பெண் மரம் காய்த்தால் ஒரு பருவத்துக்கு மூன்று லட்சம் விதை. ஒவ்வொன்றுக்கும் வெங்காயச் சருகு போல ஒரு சிறகு. வேரிலும் இலையிலும் ஒருவித நஞ்சு ஊறும். அதைச் சுற்றி வேறு பயிர் தலையெடுக்காது. வெட்டினால் அடங்குகிற ஜாதியும் இல்லை. ஒன்றை வெட்டினால் அடுத்த மழைக்கு வேரெல்லாம் விழித்துக்கொண்டு இருபது கன்று கிளம்பும். விரல் நீளத்துக்கு வேர்த்துண்டு கிடந்தாலும் அதுவே ஒரு மரமாகிவிடும்.

முளைத்த புதிதில் மட்டும் அது சாதுவாக இருக்கும். ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதற்கு வாரியம் தேவைப்படாது. ஆகையால் அப்படிப் பிடுங்குவது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டிருந்தது.

வாரியம் வெட்டியது. முதல் வருஷம் நானூறு மரம். அடுத்த வருஷம் எட்டாயிரம். அந்த ஆண்டு விழாவில் இயக்குநர் மேடையேறி, வெள்ளைக் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு கேட்டார்:

"போன வருஷம் நானூறு. இந்த வருஷம் எட்டாயிரம். ஒரே வருஷத்துல தன்னோட செயல்திறனை இருபது மடங்கு ஒசத்துன வாரியம் உலகத்துல எங்கயாவது உண்டா? இருந்தா காட்டுங்க, நான் பதவியை விட்டுட்டுப் போறேன்."

யாராலும் காட்ட முடியவில்லை. அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்று ஓட்டுநரும் தட்டினார்.

தலைமை அலுவலக முற்றத்தில் ஆராய்ச்சிக்கென்று ஒரு பெண் மரத்தை வெட்டாமல் வைத்திருந்தார்கள். அங்கே நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். எனவே இயக்குநரின் ஜீப் அதன் அடியில் நின்றது. தினமும் காலையில் ஓட்டுநர் வண்டிமேல் கொட்டிக் கிடக்கும் விதைகளைத் துடைப்பத்தால் தட்டிவிடுவார். வைப்பருக்கு அடியில், மட்கார்டு சேற்றில், பின்பக்கக் கித்தான் மடிப்பில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் 'இவ்வண்டியில் விதை ஏதும் இல்லை' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடுவார். 'இருக்கிறது' என்று போடுவதற்கு அந்தத் தாளில் இடம் விடவில்லை.

இயக்குநர் மனிதர்களை நேசிப்பவர். மரம் வந்துவிட்ட ஊர்களில் அவரை நேசிப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டார்கள். அதனால் அவர் மரம் வராத ஊர்களுக்கே அதிகம் போனார். 'மரமில்லா ஊர்' என்று சான்றிதழ் கொடுப்பார், ஒரு மணி நேரம் பேசுவார், வந்தவர்களுக்கெல்லாம் விழிப்புணர்வு உறை ஒன்று கொடுப்பார். உறைக்குள்ளே மரத்தின் படமும் நிஜமான விதைகள் ஐந்தும் இருக்கும்.

"எதிரியைப் படத்துல பாத்தா போதுமா? கையில புடிச்சுப் பாக்க வேண்டாமா?" என்பார்.

மலையடிவாரத்து ஊருக்குச் சான்றிதழ் கொடுக்கப் போன நாளில், திரும்பும் வழியில் அவருக்குத் தொண்டை வறண்டது. "இங்க எங்கயாவது டீ கிடைக்குமாப்பா?" என்றார்.

ஓட்டுநருக்கு மனசு துள்ளியது. அந்த ஊர் எல்லையில்தான் அவருடைய அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாயிற்று, பிள்ளை இல்லை. இரண்டு அறை வீடு, ஒரு கிணறு, அரை ஏக்கர் நிலம். அவரையும் கத்தரியும் போட்டு ஊர்க்கடைகளுக்குக் கொடுத்துவந்தாள்.

"எங்க அக்கா வீடு இருக்கு சார்."

"நல்லது, நல்லது," என்றார் இயக்குநர், கையிலிருந்த காகிதத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

ஜீப் அவரைப் பந்தலை ஒட்டி நின்றது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் நல்ல டம்ளர் இரவல் வாங்கி டீ கொடுத்தாள். இயக்குநர் குடித்தார், காலைத் தரையில் தட்டிச் சேற்றை உதறினார், அவளிடம் ஒரு விழிப்புணர்வு உறையைக் கொடுத்துவிட்டு ஏறினார். தம்பியின் பெரிய அதிகாரி தன் வீட்டுக்கு வந்துபோனதை அக்கா ஒரு மாதம் பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உங்க ஆபீஸ் மரம் நம்ம வீட்டுக்கும் வந்திருச்சுடா. பந்தலுக்குக் கீழே. விரல் தண்டிதான் இருக்கு, ஏழெட்டு. பிடுங்கிப் போட்டுடட்டுமா?"

"அக்கா, தொட்டுடாதே! அனுமதியில்லாம பிடுங்கினா கேஸ் போட்டுடுவாங்க. என் அக்காவே அப்படிப் பண்ணலாமா? நான் புகார் படிவம் அனுப்புறேன், எழுதிக் குடு. எங்க ஆளுங்களே வந்து முறைப்படி எடுத்துடுவாங்க."

"புல்லுப் பூண்டு மாதிரி இருக்குடா. இதுக்கு எதுக்கு ஆபீஸ்?"

"சொன்னாக் கேளு அக்கா."

அக்கா தம்பி சொல்லைக் கேட்டாள். படிவத்தை ஊர் வாத்தியாரை வைத்து நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மலையடிவாரத்திலிருந்து வாரியத்துக்கு வந்த முதல் புகார் அதுதான். அதற்கு ஒரு எண் கிடைத்தது. எண்ணுக்கு ஒரு கோப்பு கிடைத்தது. கோப்புக்கு ஒரு அலமாரி கிடைத்தது. கன்றுகளுக்கு எட்டு மாதம் கிடைத்தது.

வாரியத்து ஆட்கள் வந்தபோது மரம் தாழ்வாரக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வட்ட அதிகாரி ஒருவர் சிவப்பு நாடாவைக் கத்தரித்து, கோடரியைத் தொட்டுக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டார். எட்டு மரம் வெட்டினார்கள். அடுத்த மழைக்கு நூற்று அறுபது கன்று எழும்பியது. அவரை மஞ்சளடித்துச் செத்தது. கத்தரி பூவோடு கருகியது. வேர் கிணற்றுச் சுவரைத் துளைத்து உள்ளே எட்டிப்பார்த்தது. உள்சுவரில் இரண்டு பக்கம் சரிந்தது. அக்கா போனில் அழவில்லை. "குடிதண்ணிக்குத்தான்டா கஷ்டமா இருக்கு. அரை மைல் போகணும்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாட்களில்தான் ஓட்டுநர் வரைபடப் பிரிவுக்குப் போனார். அக்காவின் கோப்பு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கத்தான் போனார். அங்கே ஒரு இளம் பெண் சுவர் நிறைய வரைபடம் ஒட்டி, மரம் வந்த ஊர்களில் சிவப்புக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். படித்த பெண், வாரியத்தில் மரத்தைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதனால் மாடிப்படிக்கு அடியில் இடம் கொடுத்திருந்தார்கள்.

ஓட்டுநர் படத்தைப் பார்த்தார். கிட்டே போய் இன்னொரு முறை பார்த்தார்.

"என்னண்ணே?"

"இது நான் போற ரூட்டும்மா."

"எது?"

"இங்கேயிருந்து இப்படிப் போய், ஆத்துப் பாலத்துல டீசல் போட்டுட்டு, இந்த ஊர், அப்புறம் இந்த ஊர். இந்தா, இந்தத் தனி ஊசி இருக்கே, ரெண்டு ஊருக்கு நடுவுல பொட்டல்ல? அங்க டயர் பஞ்சராயி மூணு மணி நேரம் நின்னோம்."

அவள் குண்டூசிப் பெட்டியைக் கீழே வைத்தாள். வண்டியின் பயணப் பதிவேடுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னாள். இருவரும் மூன்று நாள் உட்கார்ந்து தேதி தேதியாகப் பார்த்தார்கள். புதிதாக மரம் வந்த ஊர் முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலும் இயக்குநர் முதலில் போயிருந்தார்; மரம் அடுத்த மழைக்கு வந்திருந்தது. போகாத ஊர் ஒன்றில்கூட மரமில்லை.

மலையடிவாரத்து ஊசியை ஓட்டுநர் விரலால் தடவிப் பார்த்தார். அவரைப் பந்தலை ஒட்டி ஜீப்பை நிறுத்தியது அவர் கைதான். பிடுங்காதே என்று தடுத்ததும் அவர் வாய்தான்.

அந்தப் பெண்ணுக்குத் தைரியம் அதிகம். பதிவேடு, வரைபடம், ஓட்டுநர் மூன்றையும் இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"முப்பத்தொண்ணுல முப்பத்தொண்ணா?"

"ஆமா சார்."

"மரம் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நான் அங்க போயிருக்கேன்."

"அதைத்தான் சார் சொல்றோம்..."

"எந்த ஊருக்கு மரம் வரும்னு எனக்கு யாரும் சொல்லலையேம்மா. உள்மனசு சொல்லிச்சு, போனேன். ஒரு தடவைகூடத் தப்பலை. இத்தனை வருஷமா என் உழைப்பை இவ்வளவு துல்லியமா யாருமே புரிஞ்சுக்கிட்டதில்லை."

ஒரு வாரத்தில் 'முன்னறி சுற்றுப்பயணத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. மரம் எங்கே வரப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள இயக்குநர் எங்கே போகிறார் என்று பார்த்தால் போதும் என்பது அதன் சாரம். சுற்றுப்பயணம் மாதம் நான்கிலிருந்து பதினாறு ஆனது. வரைபடப் பெண் மாடிப்படியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏற்றப்பட்டாள். ஜன்னல் வைத்த அறை, கதவில் பதவிப் பெயர். ஓட்டுநர் ஒருநாள் அந்தக் கதவைத் தட்டினார்.

"என்ன தங்கச்சி இது?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் சொல்றதும் ஒரு கோணத்துல சரிதான் அண்ணே."

மலையடிவாரம் முழுக்க மரம் ஏறிய பிறகு மேலிடத்தில் சலசலப்பு வந்தது. சான்றிதழ் வாங்கிய ஊருக்குள் மரம் நுழைந்தது எப்படி என்று கேட்க மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தார்கள். தெரிந்தவர்கள் யாரும் வந்து சாட்சி சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஓட்டுநர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். வாரியக் குடியிருப்பு வீட்டு வாசலில் அவருடைய மனைவி பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள்: "உண்மையைச் சொல்லுங்க, வேண்டாங்கலை. ஆனா நமக்கு வேற வீடு கிடையாது. அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க."

குழு நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் தலைவர்.

"அந்த விதையை நான்தான் கொண்டுபோனேன் சார். ஜீப்புல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு. மலையடிவாரத்துக்கு மட்டுமில்லை, முப்பத்தொரு ஊருக்கும் நான்தான்."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதையை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகப் படிவம் பதினேழுல அனுமதி வாங்கணும். வாங்குனியா?"

"இல்ல சார்."

"அனுமதி இல்லாம வாரிய வண்டியில விதை ஏத்த முடியாது. அப்போ நீ ஏத்தலை."

"நான் ஏத்தலை சார். அதுவா ஏறிக்கிச்சு."

"அதுவா ஏறிக்கிறதுக்கு விதியில இடமில்லைப்பா."

இரண்டாவது உறுப்பினர் தடித்த காகிதக் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார். "இதெல்லாம் நீ போட்ட சனிக்கிழமைச் சான்று. ஐநூத்தி எழுபத்திரண்டு. எல்லாத்துலயும் விதை இல்லைன்னு உன் கையெழுத்து. ஒண்ணு, நீ அப்போ பொய் சொன்னே. இல்லேன்னா, இப்போ பொய் சொல்றே. அப்போன்னா வேலை நீக்கம், குடியிருப்பையும் காலி பண்ணணும். இப்போன்னா வெறும் உணர்ச்சிவசப்படுறது; அதுக்குத் தண்டனை இல்லை. எதை எழுதிக்கட்டும்?"

மூன்றாவது உறுப்பினர் இரக்கமுள்ளவர். "தண்ணி குடிச்சிட்டுச் சொல்லட்டும். அவசரப்படுத்தாதீங்க," என்றார்.

ஓட்டுநர் தண்ணீர் குடித்தார். டம்ளரை மேசையில் வைத்தார்.

"இப்போ சார்," என்றார்.

'சாட்சி உணர்ச்சிவசப்பட்டார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

குழுவுக்குக் காரணம் ஒன்று வேண்டியிருந்தது. மலையடிவாரத்துக் கோப்புகளைத் தேதிப்படி அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் முந்தியது ஒரு விதவையின் புகார். மரத்தை முதலில் பார்த்தவள் அவள். முதலில் பார்த்த இடத்தில்தான் முதலில் இருந்திருக்க வேண்டும். வீட்டைச் சோதனை போட்டபோது அலமாரியில் ஒரு விழிப்புணர்வு உறையும் அதில் மூன்றே மூன்று விதையும் கிடைத்தன. மீதி இரண்டு எங்கே என்று கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அரை ஏக்கரும் 'மூலப்புள்ளி' என்று அறிவிக்கப்பட்டது. வீட்டை இடித்து, மூன்றடி ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி அகற்ற உத்தரவாயிற்று. அந்த மண்ணை வீணாக்காமல், புதிதாகக் கட்டப்போகும் ஒன்பது கிளை அலுவலகங்களின் அடித்தளத்தில் நிரப்பவும் அதே உத்தரவு வழிசெய்தது.

வீட்டை இடிக்கிற நாளில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனதும் அந்த ஓட்டுநர்தான். 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிப் பார்த்தார். மாற்று ஓட்டுநருக்கு வழி தெரியாது என்றார்கள்.

மண்வெட்டும் இயந்திரம் அவரைப் பந்தல் இருந்த இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் ஒன்பது லாரி. அக்கா ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் நின்றாள். தம்பியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மலர்ந்தது. இயக்குநர் இறங்கி வந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்துப் பேசினார்.

"இந்த அம்மா மேல எங்களுக்குக் கோபம் இல்லை. அறியாமைதான். நல்ல வேளையா நான் மூணு வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊருக்கு வந்து எச்சரிச்சேன். அப்பவே கேட்டிருக்கலாம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் டீ குடித்த மனிதர்தானா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

குமாஸ்தா ஒருவன் அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு அவளிடம் வந்தான். ஓட்டுநர் மூன்றடி தள்ளி இயக்குநரின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, வாரியத்துல உங்களுக்கு ரத்த சொந்தம் யாராவது வேலை பாக்குறாங்களா? மூலப்புள்ளிக்காரங்க சொந்தம் யாரும் வாரியத்துல இருக்கக் கூடாது, குடியிருப்புலயும் இருக்கக் கூடாது. இருந்தா எடுக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா யோசித்தாள். ஓட்டுநர் வாயைத் திறந்தார். அவள் தலையை அசைத்தாளா, காற்றில் முந்தானை அசைந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. வாய் மூடிக்கொண்டது.

"யாருமில்லீங்க," என்றாள்.

"சரி. அடுத்தது. வீடு போனதுக்கப்புறம் உங்களை வெச்சுப் பாத்துக்கிறதுக்குச் சொந்தம் எங்கயாவது இருக்கா? இருந்தா இன்னைக்கே அங்க கொண்டுபோய் விட்டுடுவோம். வாரியச் செலவு."

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. குமாஸ்தா பேனாவோடு காத்திருந்தான். ஓட்டுநர் பாட்டில் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"அதான் சொன்னேனே தம்பி. யாருமில்லை."

அவள் தம்பி என்று சொன்னது குமாஸ்தாவைத்தான். குமாஸ்தா 'அநாதை' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டான். அந்தக் கட்டத்துக்குரிய காப்பகம் கடற்கரையில், இரண்டு நாள் பயணத்தில் இருந்தது. ஆட்களை ஏற்ற வண்டி வரவில்லை. மண் லாரியின் முன்பக்கம் ஓட்டியவனுக்குப் பக்கத்தில் இடமிருந்தது. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். ஓட்டுநர் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து நீட்டினார். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, குமாஸ்தா காதில் விழும்படி, "ரொம்ப நன்றிங்க," என்றாள்.

லாரி கிளம்பியது. பின்கதவு சரியாக மூடாததால் வழிநெடுக மண் உதிர்ந்துகொண்டே போனது. மண்ணோடு துண்டு துண்டாக வேரும்.

இயக்குநர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். மனம் கனத்திருந்தது அவருக்கு. கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரம் ஒற்றிக்கொண்டார்.

"பாவம்ப்பா. இந்த வயசுல அந்த அம்மாவுக்குன்னு ஒரு ஜீவன் இல்லை பாரு. அப்படிப்பட்ட ஜனங்களுக்கும் நம்ம வாரியம் இருக்கு."

"ஆமா சார்," என்றார் ஓட்டுநர்.

"சரி, எடு. நாலு மணிக்குப் பக்கத்து ஊர்ல சான்றிதழ் குடுக்கணும்."

ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.